காரணம் கேட்கும் உரிமை: ஹூகோ சின்ஸ்ஹைமரின் வாழ்வும் ஜெர்மனியின் பணிநீக்கச் சட்டமும்

1938 நவம்பர் 12 அன்று ஜெர்மன் அரசு ஓர் ஆணையைப் பிறப்பித்தது. யூதர்களின் வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் நாடெங்கும் தாக்கப்பட்டு மூன்று நாள்களே ஆகியிருந்தன. யூதர்களைப் பொருளாதார வாழ்விலிருந்து அகற்றுவதே நோக்கம் என்பதை ஆணையின் தலைப்பே மறைக்காமல் சொன்னது. அவர்கள் கடை நடத்தக்கூடாது, தனித்துக் கைத்தொழில் செய்யக்கூடாது என்ற விதிகள் பரவலாக அறியப்பட்டவை. அதே ஆணையில் அதிகம் பேசப்படாத மற்றொரு விதியும் உண்டு. நிறுவனமொன்றில் உயர்பொறுப்பு வகிக்கும் யூத ஊழியரை ஆறு வார முன்னறிவிப்பில் நீக்கலாம். அந்த ஆறு வாரம் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய அனைத்தும், ஓய்வூதியமும் பணிநீக்க இழப்பீடும் உட்பட, இல்லாதொழியும்.

ஒரு மனிதரை வேலையிலிருந்து நீக்குவது ஒன்று; நீக்கப்பட்டபின் அவர் கேட்கக்கூடியது எதுவுமே இல்லை என்று சட்டமாக எழுதிவைப்பது வேறொன்று. அந்த இரண்டாவது செயல் யாருடைய வாழ்நாள் உழைப்பை அழித்தது என்பதை அறிய, அந்நாளில் நெதர்லாந்தில் அகதியாக வாழ்ந்த 63 வயதுச் சட்டப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஹூகோ சின்ஸ்ஹைமர். ஜெர்மன் தொழிலாளர் சட்டத்தின் தந்தை என்று இன்று அவரை அழைக்கிறார்கள். ஓராண்டுக்கு முன்புதான், 1937இல், அதே ஜெர்மனி அவருடைய குடியுரிமையையும் முனைவர் பட்டத்தையும் பறித்திருந்தது.

சின்ஸ்ஹைமர் 1875 ஏப்ரல் 12 அன்று ரைன் ஆற்றங்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகரில், வசதியான யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். சட்டமும் பொருளியலும் பயின்றார். அவர் படிப்பை முடித்த காலத்தில்தான் ஜெர்மனியின் புகழ்பெற்ற உரிமையியல் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது: 1900 ஜனவரி 1. அந்தச் சட்டத்தொகுப்பின் பார்வையில் முதலாளியும் தொழிலாளியும் சந்தையில் சந்திக்கும் இரு சமமான மனிதர்கள். ஒருவர் உழைப்பைத் தருகிறார், மற்றவர் கூலியைத் தருகிறார். விருப்பமில்லையென்றால் இருவரில் எவரும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆலைத் தொழிலாளிக்குப் பொதுவாகப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு உண்டு. ஒப்பந்தத்தில் எழுதி அதையும் இல்லாமலாக்கிவிடலாம். வணிக நிறுவனத்து எழுத்தருக்கு ஆறு வாரம். அவ்வளவுதான் பாதுகாப்பு. இருபதாண்டு உழைத்தவரும் நேற்று வந்தவரும் வாசற்படியைத் தாண்டும்போது ஒன்றே.

இந்தச் சமத்துவம் காகிதச் சமத்துவம் என்பதைத் தொழிலாளர் இயக்கம் அறிந்திருந்தது. அதைச் சட்டத்தின் மொழியிலேயே நிறுவிக்காட்டியதில் சின்ஸ்ஹைமரின் பங்கு பெரிது. அவருடைய முதல் நூல் 1902இல் வெளிவந்தது. பொருள், கூலியும் பிடித்தமும்: முதலாளி தனக்கு வரவேண்டியதாகச் சொல்லும் தொகையைத் தொழிலாளியின் கூலியில் கழித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. சிறிய கேள்வியாகத் தோன்றலாம். சேதம் என்றும் முன்பணம் என்றும் சொல்லிக் கூலியைக் குறைக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அது சிறிய கேள்வியன்று.

1903 முதல் பிராங்பேர்ட் நகரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார், தொழிற்சங்கங்களுக்காக வாதாடினார். 1907, 1908 ஆண்டுகளில் கூட்டு ஒப்பந்தம் குறித்து இரு பகுதிகளாக அவர் வெளியிட்ட ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அன்று தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு கூலி ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு தொழிலாளி தனியாக அதைவிடக் குறைந்த கூலிக்குக் கையெழுத்திட்டுவிட்டால் நீதிமன்றம் அந்தக் கையெழுத்தையே மதித்தது. பசித்தவன் கையெழுத்திடாமல் என்ன செய்வான்? சங்கமும் முதலாளியும் சேர்ந்து செய்யும் ஒப்பந்தம் அந்தத் துறைக்குச் சட்டம் போன்றது, தனி ஒப்பந்தம் அதை மீற முடியாது என்பது சின்ஸ்ஹைமரின் கருத்து. அரசு மட்டுமே சட்டம் இயற்றும் என்ற நம்பிக்கை ஆழப் பதிந்திருந்த நாட்டில் இது துணிச்சலான சிந்தனை. 1918 டிசம்பர் 23 அன்று, புரட்சி நடந்து ஆறு வாரங்களில், அது ஆணையாக வெளிவந்தது.

அந்தப் புரட்சி அவரை எதிர்பாராத இடங்களில் நிறுத்தியது. 1914 முதல் சமூக ஜனநாயகக் கட்சியில் இருந்தவர், 1918 நவம்பரில் சில காலம் பிராங்பேர்ட்டின் காவல்துறைத் தலைவராகவும் இருந்தார். நூலகத்து மனிதருக்கு இது விந்தையான பதவிதான். பின்னர் வைமர் நகரில் கூடிய தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதிய அரசமைப்பின் 165ஆம் பிரிவு அவருடைய கைவண்ணம். கூலியையும் பணிநிலைமைகளையும் முடிவுசெய்வதில் தொழிலாளரும் ஊழியரும் முதலாளிகளுக்குச் சமமாகப் பங்கேற்பார்கள் என்றும், அதற்காகப் பணியிடக் குழுக்கள் அமையும் என்றும் அப்பிரிவு கூறியது. அதே 1919இல், போரின் பொறுப்பை விசாரித்த நாடாளுமன்றக் குழுவில் அவர் முன்னாள் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்டார். ஒரு யூதர் படைத்தலைவர்களை விசாரிப்பதா என்று வலதுசாரி ஏடுகள் கொதித்தன. குடியரசு பிறந்த ஆண்டிலேயே அந்தக் குரல் ஒலித்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் பணிநீக்கத்தைப் பற்றிய நவீன சட்டம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 165ஆம் பிரிவின் வழியில் வந்த பணியிடக் குழுச் சட்டம் 1920 பிப்ரவரி 4 அன்று நிறைவேறியது. அதன் பிறப்பில் ரத்தம் உண்டு. குழுக்களுக்கு உண்மையான அதிகாரம் வேண்டும், இந்த மசோதா போதாது என்று ஜனவரி 13 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் திரண்ட தொழிலாளர்மீது காவல்படை சுட்டதில் 42 பேர் இறந்தார்கள். இடதுசாரிகளுக்கு அது துரோகச் சட்டம். முதலாளிகளுக்கு வீட்டுக்குள் நுழைந்த அந்நியன்.

அந்தச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, நீக்கப்பட்ட தொழிலாளி ஐந்து நாள்களுக்குள் தன் பணியிடக் குழுவிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றது. எக்காரணங்களுக்காக? பாலினத்துக்காக, அரசியல், இராணுவ, மத, தொழிற்சங்கச் செயல்பாட்டுக்காக நீக்கப்பட்டதாக நியாயமான ஐயம் இருந்தால். காரணமே சொல்லாமல் நீக்கியிருந்தால். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைத் தொடர்ந்து செய்ய மறுத்ததற்காக நீக்கியிருந்தால். தொழிலாளியின் நடத்தையோ நிறுவனத்தின் நிலைமையோ தேவைப்படுத்தாத நியாயமற்ற கொடுமையாக அந்த நீக்கம் இருந்தால். குழு அதை ஏற்றால் முதலாளியோடு பேசும். ஒரு வாரத்தில் இணக்கம் வராவிட்டால் விவகாரம் சமரச மன்றத்துக்குப் போகும். பிற்காலத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு. ஆட்சேபம் நியாயமானது என்று தீர்ப்பானால் முதலாளி அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அல்லது இழப்பீடு தரவேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை; மொத்தத்தில் பன்னிரண்டில் ஆறு பங்குக்கு மேற்படாமல். அதாவது உச்சவரம்பு அரையாண்டு ஊதியம்.

இன்றைய கண்ணுக்கு இது குறைவாகத் தெரியலாம். ஆனால் முன்பு தொழிலாளி கேட்கவே முடியாதிருந்த ஒரு கேள்வியை இச்சட்டம் அவர் வாயில் வைத்தது: ஏன் என்னை நீக்கினீர்கள்? ஏன் என்று கேட்க முடிந்தால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருக்கிறார். சின்ஸ்ஹைமரின் சிந்தனையின் மையமும் இதுதான். உழைப்பு மனிதரிடமிருந்து பிரித்தெடுத்து விற்கும் சரக்கன்று. உழைப்பை விற்பவர் தன்னையே ஆலைக்குள் கொண்டுசெல்கிறார். இயந்திரத்தின் உரிமையாளர் பொருளின்மீது கொண்ட உரிமை, ஆலைக்குள் மனிதர்மீதான ஆட்சியாக மாறிவிடுகிறது. அந்த ஆட்சியை வரம்புக்குள் நிறுத்துவதே தொழிலாளர் சட்டத்தின் வேலை என்று அவர் கருதினார்.

சட்டத்தின் ஓட்டைகளையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆட்சேபம் குழுவின் வழியாகவே செல்ல முடியும்; குழு கைவிட்டால் தொழிலாளிக்கு அங்கே கதவில்லை. இருபது பேருக்குக் குறைவானோர் பணிபுரிந்த இடங்களில் முறையான குழுவே கிடையாது. திரும்பச் சேர்ப்பதா, பணம் கொடுப்பதா என்ற தேர்வு முதலாளியின் கையில் இருந்தது. அரையாண்டு ஊதியத்தைத் தூக்கியெறியக்கூடிய முதலாளி, சங்கத் தலைவரை விலைகொடுத்து வெளியேற்றலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். மற்றொன்றும் உண்டு. தடைசெய்யப்பட்ட காரணங்களின் பட்டியலில் பாலினம் இருந்தது, மதச் செயல்பாடு இருந்தது, மதச் சங்க உறுப்புரிமை இருந்தது. பிறப்பு இல்லை. யாருக்குப் பிறந்தார் என்பதற்காக ஒருவர் வேலையிழக்கலாம் என்ற எண்ணம் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அல்லது மதம் என்ற சொல்லே போதும் என்று நினைத்திருக்கலாம். பதின்மூன்று ஆண்டுகளில் அந்த வெற்றிடத்தின் அளவு தெரிந்தது.

1920இல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நாடாளுமன்ற அரசியல் அவரை நெடுநாள் பிடித்துவைக்கவில்லை. ஆனால் நகர மன்றத்தில் 1933 வரை உறுப்பினராக இருந்தார். 1921இல் அவர் முயற்சியாலும் தொடங்கப்பட்ட உழைப்புக் கல்விக்கழகம் ஆலைத் தொழிலாளரையும் சங்க ஊழியரையும் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துவந்தது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுத்துப் பேசத் தெரிந்தவர் ஒவ்வோர் ஆலையிலும் வேண்டும். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட உலோகத் தொழிலாளி சட்டமும் பொருளியலும் படித்துத் திரும்பினால் பணியிடக் குழு வேறாகும் என்பதைச் சின்ஸ்ஹைமர் உணர்ந்திருந்தார். அவருடைய மாணவர்களும் அவரிடம் பயிற்சி பெற்றவர்களும் பின்னாளில் உலகறிந்த பெயர்கள்: எர்ன்ஸ்ட் பிரெங்கல், பிரான்ஸ் நாய்மன், ஓட்டோ கான்-பிராயிண்ட், ஹான்ஸ் மார்கெந்தாவ். 1927 ஜூலையில் நாடெங்கும் தொழிலாளர் நீதிமன்றங்கள் செயல்படத் தொடங்கின. சட்டம் படித்த நீதிபதியின் இருபுறமும் முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் தீர்ப்பாளராக அமர்ந்தார்கள். அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

1933 ஜனவரி இறுதியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். சில வாரங்களில் சின்ஸ்ஹைமர் கைதுசெய்யப்பட்டார். விடுதலையானதும் சார் பகுதிக்குத் தப்பினார். அது அப்போது நாடுகளின் சங்கத்தின் ஆளுகையில் இருந்தது. அங்கிருந்து நெதர்லாந்து. பல்கலைக்கழகப் பணி பறிபோயிற்று. அவர் பின்னே சட்டம் ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கப்பட்டது. ஏப்ரல் 4ஆம் நாள் சட்டப்படி, அரசுக்கு எதிரானவர் என்ற ஐயத்தின்பேரில் நீக்கப்பட்ட தொழிலாளி ஆட்சேபிக்கும் உரிமையை இழந்தார். ஏன் என்ற கேள்விக்கு இனி ஒற்றைச் சொல் போதும். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, யூத அரசு ஊழியர்களை நீக்கும் சட்டம் வந்தது. தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும் என்று அதன் விதிகள் வகுத்தன. மனிதரின் வேலையை முடிவுசெய்ய அவருடைய பாட்டியின் பிறப்புப் பதிவேடு தேடப்பட்டது. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. 1934 ஜனவரியில் வந்த சட்டம் பணியிடக் குழுக்களை ஒழித்து, முதலாளியை ஆலையின் தலைவர் என்றும் தொழிலாளரை அவரைப் பின்தொடர்வோர் என்றும் பெயரிட்டது.

எதிர்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாணவர் கான்-பிராயிண்ட் அப்போது பெர்லினில் தொழிலாளர் நீதிபதி. பொதுவுடைமையாளர் என்று குற்றஞ்சாட்டி நீக்கப்பட்ட வானொலி ஊழியர்களின் வழக்கு 1933இல் அவர்முன் வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை, நீக்கம் செல்லாது, இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். விரைவிலேயே அவரும் நீக்கப்பட்டு லண்டனுக்கு அகதியாகச் சென்றார். பிரெங்கல் 1938 வரை பெர்லினிலேயே தங்கி வழக்குகளை நடத்தினார். பாதிச் சட்டப்படியும் பாதி வெறும் அதிகாரத்தாலும் நடக்கும் அந்த இரட்டை அரசைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் அமெரிக்காவில் வெளிவந்தது. யூதர் என்பதே பணிநீக்கத்துக்குப் போதுமான காரணம் என்று நீதிமன்றங்கள் எப்படிப் படிப்படியாக ஏற்றுக்கொண்டன என்பதை அவர் அருகிருந்து பார்த்தவர்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் சின்ஸ்ஹைமருக்குச் சட்டச் சமூகவியலில் இடமளித்தது. பின்னர் லைடனிலும் கற்பித்தார். 1933இன் இறுதியில் நிகழ்த்திய தொடக்கவுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், சட்டத்தில் மனிதர் என்னும் பிரச்சினை. 1936 அக்டோபரில் ஜெர்மனியில் கார்ல் ஷ்மிட் தலைமையில் சட்ட அறிஞர்கள் கூடி, சட்டத்துறையிலிருந்து யூத அறிஞர்களின் தடத்தைத் துடைப்பது எப்படி என்று விவாதித்தார்கள். நேற்றுவரை சின்ஸ்ஹைமரோடு ஒரே துறையில் பணியாற்றிய பேராசிரியர்கள் அவர்கள். அதற்கு விடையாக 1938இல் ஒரு நூல் வெளியிட்டார்: ஜெர்மன் சட்டவியலை உருவாக்கிய யூத மேதைகளின் வாழ்வும் பணியும். அதில் இடம்பெற்றவர்களுள் பிலிப் லோட்மார் ஒருவர். உழைப்பு ஒப்பந்தத்தைப் பற்றிய முதல் பெரிய நூலை எழுதியவர், தன் பேராசிரியப் பணியை ஜெர்மனியில் அல்லாது சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் செய்ய நேர்ந்தவர். உங்கள் கட்டடத்தில் எங்கள் கல் எது என்று பெயர்பெயராகச் சுட்டிக்காட்டும் நூல் அது. கோபத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு எழுதியது என்பது நம் வாசிப்பு.

அந்த ஆண்டின் நவம்பரில்தான், நாம் தொடக்கத்தில் கண்ட ஆணை வந்தது. 1920இன் பட்டியலில் எழுதப்படாமல் விடப்பட்ட பிறப்பு, இப்போது இழப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் அழிக்கும் காரணமாக அரசிதழில் ஏறியது.

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. கற்பிக்கும் பணியும் போயிற்று. போரின் பிற்பகுதியைச் சின்ஸ்ஹைமர் மறைவிடங்களில் கழித்தார். அந்நிலையிலும் சட்டமியற்றலின் கோட்பாடு குறித்து ஒரு நூலை எழுதிக்கொண்டிருந்தார். விடுதலையைப் பார்த்தார். ஆனால் பட்டினியும் ஒளிவு வாழ்க்கையும் உடலைத் தின்றிருந்தன. 1945 செப்டம்பர் 16 அன்று, போர் முடிந்து நான்கு மாதங்களில், நெதர்லாந்தின் ஓவர்வேன் ஊரில் காலமானார். மறைவிடத்தில் எழுதிய நூல் அவர் இறந்தபின் அச்சேறியது.

ஆறாண்டுகள் கழித்து, 1951 ஆகஸ்ட் 10 அன்று மேற்கு ஜெர்மனி பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1920இன் வரிசை இதில் தலைகீழானது. நீக்கம் சமூக நியாயமற்றது என்றால் அது செல்லாது, வேலை தொடர்கிறது. இருவரும் இனிச் சேர்ந்து பணியாற்ற இயலாது என்று நீதிமன்றம் கருதும்போதே இழப்பீடு பேச்சுக்கு வருகிறது. பொதுவாகப் பன்னிரண்டு மாத ஊதியம் வரை, நீண்ட காலம் பணியாற்றிய மூத்தவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை. ஜெர்மனியில் நீக்கப்பட்டவர் அனைவருக்கும் பெருந்தொகை கிடைக்கும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அப்படியொரு பொதுவான உரிமை அங்கே இல்லை. நிறுவனத் தேவைக்காக நீக்கும் முதலாளி, வழக்குத் தொடுக்காவிட்டால் ஆண்டுக்கு அரைமாத ஊதியம் தருவதாக நீக்கக் கடிதத்திலேயே எழுதினால் அத்தொகை கிடைக்கும் என்று 2004 முதல் ஒரு விதி இருக்கிறது. மற்றபடி, வழக்கில் வேலையே திரும்பிவிடும் என்ற அச்சம்தான் முதலாளியைப் பேச்சுவார்த்தைக்கு இழுக்கிறது. பெரும்பாலான இழப்பீடுகள் அப்படிப் பேசிப் பெறுபவை.

அந்த உரிமைக்கும் காலக்கெடு கடுமையானது. நீக்கக் கடிதம் கையில் கிடைத்த மூன்று வாரத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தவறினால், எவ்வளவு அநியாயமான நீக்கமும் பொதுவாகச் செல்லுபடியாகிவிடும். நீக்கம் எழுத்தில் கையெழுத்தோடு வரவேண்டும், மின்னஞ்சலுக்கு மதிப்பில்லை. பணியிடக் குழு இருக்கும் இடத்தில் அதனிடம் காரணத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்காமல் நீக்கினால் நீக்கமே செல்லாது. முதல் நிலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். பயந்துபோய் விலகல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வேலையின்மை உதவித்தொகையைப் பன்னிரண்டு வாரம் இழக்கவும் கூடும். பத்துப் பேருக்கு மேற்படாத நிறுவனங்களின் புதிய ஊழியருக்கும், எங்கானாலும் முதல் ஆறு மாதத்தில் இருப்பவருக்கும் இச்சட்டத்தின் நிழல் இல்லை. வீட்டுவேலை செய்பவர், சிறு உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், அண்மையில் வந்திறங்கிய வெளிநாட்டுத் தொழிலாளி எனப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் பலர் இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

தடைசெய்யப்பட்ட காரணங்களின் பட்டியலும் நீண்டிருக்கிறது. 2006இன் சமநடத்தைச் சட்டம் இனம், இனப் பின்னணி, பாலினம், மதம், உலகப்பார்வை, உடற்குறை, வயது, பாலீர்ப்பு ஆகியவற்றின்பேரில் பணியிடத்தில் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. இழப்பீடு கோர இரண்டு மாதம். சமூகப் பிறப்பு அதில் இல்லை. சாதி என்ற சொல்லும் இல்லை. அரசமைப்பின் மூன்றாம் பிரிவில் பிறப்புவழி என்ற சொல் இருக்கிறது. தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டும் சட்டத்தில் அது இன்னும் ஏறவில்லை. பெர்லின் மாநிலம் 2020இல் சமூகத் தகுநிலையைத் தன் சட்டத்தில் சேர்த்தது. அது அரசு அலுவலகங்கள் மக்களை நடத்தும் விதத்துக்குப் பொருந்துவது. ஆலை வாசலுக்குள் அது செல்லவில்லை.

பிராங்பேர்ட்டில் இன்று சின்ஸ்ஹைமரின் பெயரில் ஒரு தொழிலாளர் சட்ட ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. தொழிற்சங்கங்களின் பின்புலத்தில் தோன்றியது அது.